ஆலய வளவில் ஒரு பொதுத்தோட்டம்

திருக்கோணமலை என்றவுடன் உலகோர் நினைவுக்கு வருவது அதன் துறைமுகம். ஆழமும் அடைக்கலமும் ஒருங்கே வாய்ந்த அத்துறையின்பொருட்டுப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் அடுத்தடுத்து இக்கரையை நாடி வந்தனர். துறைமுகத்தின் வரலாற்றைப் பேசுவார் பலர் உளர். இன்று நான் பேசப் புகுவது கடலைப் பற்றியன்று. கடலோரத்து மண்ணைப் பற்றி. அதிலும், நம் பகுதியிலுள்ள தேவாலய வளவுகளில் பயனின்றிக் கிடக்கும் சிறு சிறு நிலத்துண்டுகளைப் பற்றி.

கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர் ஆகியோருக்கு இந்நகரிலும் அயற் கிராமங்களிலும் ஆலயங்கள் பல உண்டு. அவற்றுட் பலவற்றைச் சூழ்ந்து மதிலும், மதிலுக்குள்ளே கிணறும், வேம்பும் பூவரசும் நிழல்செய்யும் வளவும் இருக்கக் காண்கிறோம். திருவிழாக் காலத்தில் அங்கே பந்தல் எழும். ஏனைய நாட்களில் சருகு விழும். கூட்டுவார் கூட்டி எரிப்பர். அந்நிலத்தில் அயலவர் யாவரும் ஒன்றுசேர்ந்து மரக்கறித் தோட்டம் ஒன்று செய்யலாகாதா? செய்வதாயின் எவ்வாறு செய்தல் வேண்டும்? செய்த தோட்டம் ஓராண்டில் அழிந்துபடாமல் நிலைப்பது எங்ஙனம்? இம்மூன்று வினாக்களுமே இன்றைய பேச்சின் பொருள்.

தோட்டம் செய்க என்னும் அழைப்பு நமக்குப் புதியதன்று. 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரங்கூன் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றது. ஏப்ரல் 9ஆம் நாள் திருக்கோணமலையின் மீதே குண்டுகள் விழுந்தன. அக்காலத்தில் அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. உணவு உற்பத்தியைப் பெருக்குக என்ற குரல் நாடெங்கும் ஒலித்தது. எண்பதாண்டுகளின் பின் வந்த இடரை நாம் யாவரும் நேரிற் கண்டோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் செயற்கைப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீங்கியபோதிலும், இழந்த விளைச்சல் மீளவில்லை. அடுத்த ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியது. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. ஒரு ரூபாய்க்கு வாங்கியதை ஏறக்குறைய இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கினோம் என்பது இதன் பொருள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் தத்தம் வீட்டில் தோட்டஞ் செய்யும்பொருட்டு மூன்று மாத காலத்திற்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அரசு தீர்மானித்தது.

அப்போது மண்வெட்டி எடுத்த கைகள் எத்தனை! பழைய வாளிகளிலும் சாக்குகளிலும் கத்தரி நட்டோர் எத்தனை பேர்! ஆயினும் விலை சற்றே தணிந்ததும் மண்வெட்டி மூலைக்குச் சென்றது; வாளியில் புல் முளைத்தது. அச்சத்தினாற் பிறந்த தோட்டம் அச்சம் நீங்கியதும் ஆதரிப்பாரின்றி வாடுகிறது. மக்கள் சோம்பேறிகள் என்று இதற்குக் காரணங் கூறுதல் முறையன்று. நகரத்துக் குடும்பத்திற்கு நிலமில்லை, கிணற்றுநீர் போதாது, கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்வர், ஒருவர் நோயுற்றால் நீரூற்ற ஆளில்லை. தனி வீட்டினால் தாங்கமுடியாத சுமையைத் தாங்குதற்கு நிலையான ஓரிடமும் நிலையான ஒரு கூட்டமும் வேண்டும்.

அத்தகைய இடமாகத் தேவாலயம் அமையக்கூடும் என்பது என் கருத்து. எண்ணிப் பாருங்கள். அதனிடம் எளிதில் விற்கப்படாத நிலம் உண்டு; கிணறு உண்டு; மழைநீரை ஏந்தும் அகன்ற கூரை உண்டு; நேரமறிவிக்கும் மணி உண்டு; வாரந்தோறும் தவறாது கூடும் மக்களும் உண்டு. தோட்டத்திற்கு வேண்டிய யாவும் அங்கே உள. வேண்டுவது ஒன்றே: அயலவர்க்கும் திறந்த வாயில்.

வழிபாட்டிடத்தில் காய்கறி விளைவிப்பது தகுமோ என்று ஐயுறுவோர் இருக்கலாம். அவர்கள் பழைய வரலாற்றை நோக்குதல் நலம். புனித ஆசீர்வாதப்பர் என்று நம் கத்தோலிக்க மக்கள் வழங்கும் பெனடிக்ற் முனிவர், ஆறாம் நூற்றாண்டில் தம் துறவியர்க்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். மடத்தின் எல்லைக்குள்ளேயே நீரும் மாவரைக்கும் ஆலையும் தோட்டமும் இருத்தல் வேண்டும் என்பது அதில் ஒரு விதி. சுவிற்சர்லாந்தில் சென் கால் என்னும் மடத்து நூலகத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோற்பத்திரத்தில் வரையப்பட்ட மடத்தின் படம் ஒன்று இன்றும் காக்கப்படுகிறது. அப்படத்தில் பதினெட்டு மரக்கறிப் பாத்திகள் குறிக்கப்பட்டுள்ளன. வெங்காயம், உள்ளி, கொத்தமல்லி என ஒவ்வொரு பாத்திக்கும் பயிரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதனினும் வியப்பான செய்தி, துறவியரின் சேமக்காலையே பழத்தோட்டமாக வரையப்பட்டிருத்தல். கல்லறைகளுக்கிடையே பழமரங்கள் நிற்கின்றன. இறந்தோர் துயிலும் மண், வாழ்வோர்க்குக் கனி தருகிறது.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928ஆம் ஆண்டில் தோமஸ் அடிகளார் நிறுவிய ரோசரியன் துறவியர், மௌன வாழ்க்கையோடு திராட்சைச் செய்கையையும் மேற்கொண்டு, தம் இரசப்போத்தல்களால் நாடெங்கும் பெயர்பெற்றனர். குருநாகலையை அடுத்த இப்பாகமுவையில், அங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த யொஹான் தேவானந்த அடிகளார் 1957ஆம் ஆண்டில் தேவசரண ஆராமயவைத் தொடங்கினார். பௌத்த அயலவரோடு உறவாடி, உழவையும் வழிபாட்டையும் ஒருங்கிணைக்க முயன்றார்.

சைவ வைணவ மரபினருக்கோ இதனை விளக்கவே வேண்டியதில்லை. கோயிலின் நந்தவனத்தைப் பேணுதல் தொண்டுகளுள் ஒன்றாக நெடுங்காலம் மதிக்கப்பட்டு வந்துள்ளது. பெரியாழ்வார் வில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பேணினார். அப்பர் சுவாமிகளின் திருவுருவத்தைக் காணுமிடமெல்லாம் அவர் தோளில் உழவாரப்படையைக் காண்கிறோம். கோயில் வெளியிற் புல்லைச் செதுக்கும் கருவி அது. மன்னனையும் எதிர்த்து நின்ற ஒரு பெரியார்க்கு அடையாளமாக நம் முன்னோர் தெரிந்தெடுத்தது செங்கோலையன்று, புற்செதுக்கும் கருவியையே. ஆகவே, ஆலய மண்ணில் கைபடத் தொண்டு செய்தல் நமக்கு அந்நிய வழக்கமன்று.

இனி, இக்காலத்திற்கு வருவோம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சீடர் குரோவ் என்னும் சிற்றூர் உளது. புகையிலை விளைந்த நாடு அது. வெள்ளையரும் கறுப்பரும் அயலயலே வாழ்ந்தும் அகன்றே வாழ்ந்த நாடு. 2004ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வூர்க் கடைக்காரர் ஒருவர் தம் கடையிலேயே கொலையுண்டார். அவர் வெள்ளையர், அவர் மனைவி கறுப்பினப் பெண்மணி. ஊரில் அச்சமும் ஐயமும் பரந்தன. அப்போது அவ்வூர் மெதடிஸ்த சபையின் போதகர், அமைதிக்காக மக்களைக் கூட்டி வழிபாடு ஒன்று நடத்தினார். அதிற் கலந்துகொண்ட கறுப்பின மூதாட்டி ஒருவர், தமக்குரிய நிலத்தில் ஐந்து ஏக்கரை அச்சபைக்கு ஈந்தார். அவருடைய முன்னோர் பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர்கள். அந்த வழியிற் பிறந்தவர், பெரும்பாலும் வெள்ளையரைக் கொண்ட சபைக்கு நிலங் கொடுத்தார்.

அந்நிலத்தை அவர்கள் என் செய்தனர்? மண்டபம் எழுப்பவில்லை, 2005ஆம் ஆண்டில் பொதுத்தோட்டம் தொடங்கினர். ஆண்டுக்கு ஐந்து டொலர் கட்டணம். வாரத்துக்கு இரண்டு மணி நேர உழைப்பு. அதற்கு ஈடாக விளைச்சலில் ஒரு பங்கு. வேலை முடிந்ததும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கமும் ஏற்பட்டது. தோட்டத்திற்கு அவர்கள் இட்ட பெயர் ஆனதோத்து. எரேமியா தீர்க்கதரிசியின் கதையில் வரும் ஊர்ப்பெயர் அது. எருசலேம் நகரைப் பகைவர் முற்றுகையிட்டிருந்த காலத்தில், நாளை யார்க்கு உரியதாகுமோ என்று அறியாத நிலத்தை, அவர் ஆனதோத்தில் விலைகொடுத்து வாங்கினார் என்பது வேதாகமத்துச் செய்தி. இந்நாட்டில் மீண்டும் நிலம் வாங்கி வாழுங் காலம் வரும் என்ற நம்பிக்கையின் அடையாளமாக அவர் அவ்வாறு செய்தார்.

பால்ரிமோர் நகரத்து பிளெசன்ற் ஹோப் பப்ரிஸ்த ஆலயத்தின் கதை வேறுவகையானது. அதன் போதகர் ஹீபர் பிரவுன், தம் சபை மக்களை மருத்துவமனையிற் சென்று கண்டபோது, அவர்களுட் பலர் உணவுக் குறையால் வரும் நோய்களால் வருந்துவதை உணர்ந்தார். ஆலய முற்றத்தில் 1,500 சதுர அடி நிலத்தைக் கொத்திக் காய்கறி விளைவித்தனர். 2015ஆம் ஆண்டில், அவ்வாலயமும் பிற கறுப்பின ஆலயங்களும் கறுப்பின விவசாயிகளும் இணைந்த ஒரு வலையமைப்பாக அம்முயற்சி விரிந்தது. 1,500 சதுர அடி என்பது நம் கணக்கில் ஆறு பேர்ச்சுக்கும் குறைவு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நிலம் சிறிது என்பது செய்யாதிருத்தற்குக் காரணமாகாது.

சீடர் குரோவ் செய்தியை நான் விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. நம் நகரமும் காயம்பட்ட நகரம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தவரும் ஒரே சந்தையில் வாங்கி, ஒரே கடற்கரையில் மாலைக்காற்று வாங்கி வாழ்கின்றோம். அச்சந்தையிலேயே 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் குண்டு வெடித்தது. மரக்கறி வாங்கச் சென்றவர்கள் உயிர் துறந்தனர், அதனைத் தொடர்ந்து எழுந்த வன்செயலில் மேலும் உயிர்கள் மாண்டன, கடைகள் எரிந்தன. போர் 2009இல் முடிவுற்றது. ஆயினும், ஒருவரையொருவர் நேரிற் கண்டு புன்னகைப்பது வேறு, ஒருவர் வளவுக்குள் மற்றவர் அச்சமின்றிச் செல்வது வேறு. முன்னது நமக்கு வாய்த்திருக்கிறது. பின்னது இன்னும் அரிதாகவே உளது.

இந்நிலையில் ஆலயம் ஒன்று தன் வாயிலைத் திறந்து, வாருங்கள், தோட்டஞ் செய்வோம் என்று அழைத்தால், அயலவர் உள்ளத்தில் முதலில் எழும் ஐயம் யாது? இது மதமாற்றத்திற்கு விரித்த வலையோ என்பதே. இந்த ஐயத்தை மூடிமறைத்துப் பேசுதலில் பயனில்லை. தோட்டத்திற்கு வருபவரை எம்மதத்தவர் என வினவுதல் கூடாது. வந்தவர்க்குத் தன் மதத்தை எடுத்துரைத்தலும் கூடாது. துண்டுப் பிரசுரமும் வேண்டா, செபமும் வேண்டா. பாத்தியில் கத்தரிக்குக் களையெடுக்கும்போது கத்தரியே பேச்சாக இருக்கட்டும். இதனைப் பங்குத்தந்தையோ போதகரோ முதல்நாளிலேயே யாவரும் கேட்க உரைத்து, அதனை எழுதி வாயிலிலும் மாட்டுதல் வேண்டும். மும்மொழியிலும் எழுதுதல் சாலச் சிறந்தது.

இப்படிச் செய்தல் கிறித்தவ நெறிக்கு மாறானதன்று. அறுவடையின்போது வயலின் ஓரங்களை முற்ற அறுக்காது, எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடுக என்பது லேவியராகமம் கூறும் கட்டளை. அந்நியன் நம் மதத்தவனா என்று கேட்டபின் விடுக என்று அது கூறவில்லை. நட்ட மரத்தின் பயனைப் பறவையோ விலங்கோ மனிதனோ உண்டால் அது நட்டவனுக்குத் தருமமாகும் என்பது நபிகள் நாயகத்தின் போதனை. சோலை வைப்போர்க்கும் கிணறு தோண்டுவோர்க்கும் இரவும் பகலும் புண்ணியம் வளரும் என்பது பௌத்த மறையாகிய சங்யுத்த நிகாயத்திற் கூறப்படுகிறது. நான்கு நெறியும் ஒன்றுபடும் ஓரிடம் மண்ணும் நீருமாகும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். பத்துப் பேர்ச்சு நிலம் தொடக்கத்திற்குப் போதும். அதில் நான்கு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் கொண்ட முப்பது பாத்திகள், இடையே நடக்கும் வழிகளோடு, நன்கு அமையும். அகலம் ஒரு மீற்றருக்கு மேற்படின், பாத்திக்குள் மிதித்தே களையெடுக்க நேரும். மிதித்த மண் இறுகும். கல்லறைகள் உள்ள இடத்தருகே மண்ணைக் கொத்துதல் தகாது. அங்கே, சென் கால் மடத்தார் கருதியதுபோல, எலுமிச்சை, மாதுளை முதலிய மரங்களை ஓரமாக நட்டால் போதும். அதுவும் உரியவர்களின் இசைவோடு மட்டுமே.

நம் கடலோரத்து மண் மணற்பாங்கானது; நீரைத் தாங்காது; எருவையும் தாங்காது. ஆதலின் முதற்பணி கூட்டெரு ஆக்குதல். எரித்துவந்த சருகை இனி எரித்தல் கூடாது. சருகு, சாணம், சமையற்கழிவு ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிவிட்டால், மூன்று நான்கு மாதத்திற் கரிய எரு கிடைக்கும். மீன்கழிவு நம் ஊரிற் குறைவின்றிக் கிடைக்கும். அதனை ஆழப் புதைத்தல் வேண்டும், இன்றேல் நாயும் ஈயும் மொய்க்கும். கூட்டெரு ஒன்றே ஒரு நாட்டின் வேளாண்மை முழுவதையும் ஒரே பருவத்தில் தாங்கிவிடாது என்பதை 2021ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. ஆனால் பத்துப் பேர்ச்சு நிலத்தை அது தாராளமாகத் தாங்கும்.

அடுத்தது நீர். கடலருகே உள்ள கிணறுகள் எளிதில் உவர்ப்படையும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் கிழக்குக் கரையெங்கும் கிணறுகள் உவர்த்துக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. இயந்திரத்தால் நாள்முழுதும் இறைத்தால், அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். கையால் அளவோடு அள்ளுதலே கிணற்றுக்கு நன்று. நீர் சற்றே உவர்த்திருந்தால் போஞ்சியும் மிளகாயும் பொறா. பீற்றூட் ஓரளவு பொறுக்கும். தென்னை நன்கு பொறுக்கும்.

கூரையை நோக்குங்கள். திருக்கோணமலையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர், ஐப்பசி முதல் தை வரையுள்ள வாடைக்காற்றுக் காலத்தில் விழுகிறது. 200 சதுர மீற்றர் பரப்புள்ள கூரையில் அம்மழை 200,000 லீற்றர் நீராகும். ஐந்தில் ஒரு பங்கு சிந்தினாலும் 160,000 லீற்றர் எஞ்சும். அவ்வளவையும் தேக்கத் தொட்டி கட்டுதல் எளிதன்று. இயன்றதைத் தொட்டியிற் சேர்த்து, எஞ்சியதைக் கிணற்றருகே குழிவழி நிலத்தில் இறக்கிவிட்டால், கிணற்றின் உவர் தணியும். தொட்டியை நன்கு மூடுதல் இன்றியமையாதது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேற்பட்டோரை டெங்குக் காய்ச்சல் பற்றியதும், நம் மாவட்டத்துக் கிண்ணியா பெரிதும் அல்லற்பட்டதும் நினைவிருக்கட்டும். சிரட்டையும் பழைய ரயரும் தோட்டத்திற் கிடத்தலாகாது.

பயிர்களைப் பருவமறிந்து வைத்தல் வேண்டும். புரட்டாசியில் நாற்றுமேடை, ஐப்பசி மழையோடு நடுகை, கார்த்திகை மார்கழியில் வெள்ளம் நில்லாதபடி பாத்திகளை உயர்த்துதல். கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். வெண்டி ஐம்பது நாளளவில் காய்க்கும். கத்தரிக்கு இரண்டரை மாதம் பொறுக்க வேண்டும். வேலியோரத்தில் முருங்கையும் அகத்தியும் நிற்கட்டும். வல்லாரையும் பொன்னாங்காணியும் கிணற்றடி ஈரத்தில் தழைக்கும். விதை, நாற்று, பூச்சி, நோய் பற்றிய ஐயங்களுக்கு விவசாயப் போதனாசிரியரை அணுகுக. வேலியை மறவாதீர். மாடும் ஆடும் ஒருபுறமிருக்க, நம் நகருக்கே உரிய விருந்தாளிகள் உளர். பிரெடெரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் வீதிகளில் உலாவுவதை வெளியூரார் வியந்து பார்ப்பர்; தோட்டக்காரர் அவ்வாறு வியத்தற்கில்லை. ஓரிரவில் ஒரு மாத உழைப்பு அவற்றின் வயிற்றுக்குச் சென்றுவிடும். ஆறடி உயரக் கம்பிவலையும் அதனோடு சீமைக்கிளுவைக் கதியாலும் வேண்டும். கிளுவைத் தழை மண்ணுக்கு நல்ல பசளையுமாகும்.

இவையெல்லாம் அறிந்தோர் சொல்லக் கேட்டுச் செய்யத்தக்கவை. தோட்டத்தின் உண்மையான இடர்ப்பாடு வேறொன்று. அது ஆட்களைப் பற்றியது.

சிரமதானம் என்னும் சொல்லை நம் நாடு நன்கறியும். 1958ஆம் ஆண்டில் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன அவர்கள், தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் புறக்கணிக்கப்பட்ட கிராமத்திற்குச் சென்றார். அம்முயற்சியினின்றே சர்வோதய இயக்கம் வளர்ந்தது. அவ்வழியில் நாமும் பல சிரமதானங்கள் கண்டுள்ளோம். முதல்நாளில் நூறு பேர் வருவர். தேநீரும் சிற்றுண்டியும் நிழற்படமும் உண்டு. பத்தாம் நாளில் பதின்மர் வருவர். நாற்பதாம் நாளில் காவற்காரர் ஒருவரே நிற்பார். பாடசாலைத் தோட்டங்களை ஆண்டாண்டாகக் கண்டுவரும் அனுபவத்தால் ஒன்று கூறுவேன்: தோட்டத்தை அழிப்பது வெயிலன்று, விடுமுறை. தவணை முடிவில் மாணவர் வீடு சென்றதும், கச்சான் காற்று வீசும் ஆவணி மாதத்தில், இரண்டு வாரம் நீரின்றிச் செடிகள் கருகும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். முப்பது பாத்திக்கும் பரப்பு 120 சதுர மீற்றர். வரண்ட காலத்தில் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வைத்தால், 600 லீற்றர் வேண்டும். பத்து லீற்றர் கொள்ளும் பூவாளியால் அறுபது முறை. ஆறு பேர் வந்தால் ஒருவருக்குப் பத்துப் பூவாளி. அரை மணி நேர வேலை. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஆறாறு பேராக நாற்பத்திரண்டு பேர். ஒவ்வொருவரும் வாரத்தில் ஒருநாள், அரை மணி நேரம் தந்தால் தோட்டம் பிழைக்கும். பெருந்தியாகம் எதுவும் வேண்டியதில்லை; தவறாமை ஒன்றே வேண்டும்.

அந்த நாற்பத்திரண்டு பேரும் ஒரே சபையினராயிருந்தால் நேர்வது என்ன? ஞாயிறு காலை யாவரும் ஆராதனையில் இருப்பர். பெரிய வியாழன் முதல் உயிர்த்த ஞாயிறு வரை தோட்டம் தனித்திருக்கும். நத்தார்ப் பண்டிகையில் யாவரும் சொந்த ஊர் செல்வர். ஒரே மதத்தாருக்கு ஒரே நாளில்தான் திருநாள். மாறாக, அந்நாற்பத்திரண்டு பேருள் சைவரும் முஸ்லிம்களும் பௌத்தரும் கலந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை நீர்வார்க்கச் சைவர் வருவர். வெள்ளிக்கிழமை நண்பகல் முஸ்லிம் அன்பர்கள் பள்ளிவாசலில் இருக்கையிற் கிறித்தவர் களையெடுப்பர். நோன்பு மாதத்தில் அவர்தம் பணியைப் பிறர் ஏற்பர். பௌர்ணமிப் போயா தினத்தில் பௌத்தர் விகாரைக்குச் செல்ல, ஏனையோர் வாளி தூக்குவர். சிவராத்திரிக்கு விழித்தவர் மறுநாள் உறங்கட்டும். நத்தாருக்கு அவரே வந்து ஈடுசெய்வார். ஒருவர் தொழும் நேரத்தில் மற்றவர் நீர் வார்க்கும் தோட்டம் ஒருநாளும் காய்வதில்லை. மூவினத்தாரும் நான்கு மதத்தாரும் கூடிச்செய்தல் நல்லிணக்கத்திற்காக நாம் ஏற்கும் சுமை என்று எண்ணிவிட வேண்டா. தோட்டம் பிழைத்தற்கே அது வழி. ஆலயம் வாயிலைத் திறப்பது அயலாருக்குச் செய்யும் உபகாரமன்று. தன் தோட்டத்துக்குத் தானே தேடிக்கொள்ளும் உயிர்.

இதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும். நாட்குறிப்பேடு ஒன்று கிணற்றடியில் தொங்கட்டும், வந்தவர் ஒப்பமிடட்டும். வாயிலின் திறப்பு ஒருவர் கையில் மட்டும் இருத்தலாகாது. ஒவ்வொரு நாளின் குழுத் தலைவரிடமும் ஒன்று இருத்தல் வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் அவ்வாலயத்தைச் சேராதவராக இருத்தல் நன்று. திறப்பைக் கொடுத்தலே நம்பிக்கையைக் கொடுத்தல். விளைச்சலை மூன்று கூறாக்கலாம். உழைத்தவர்க்கு ஒரு கூறு. அயலிலுள்ள முதியோர், நோயாளர், வறியோர் வீடுகளுக்கு ஒரு கூறு. விற்று விதையும் வலையும் வாங்க ஒரு கூறு. வறியோர் பங்கை வாயிலில் வைத்து வரிசையில் நிறுத்திக் கொடுத்தல் தகாது. வாங்குவோரின் மானத்தைக் காத்து வீட்டிற் சேர்ப்பிக்க வேண்டும். இயன்றால் அவர்களையே தோட்டத்துக்கு அழைத்து, உழைத்தவர் பங்கைப் பெறச் செய்தல் இன்னும் மேலானது. ஆலய நிருவாகம் நிலத்தை இத்தனை ஆண்டுக்கு என எழுத்தில் ஒப்புவித்தல் வேண்டும். குருவானவர் மாற்றலாகிச் செல்வது வழக்கம். அவரோடு தோட்டமும் மாற்றலாகிவிடக் கூடாது.

பத்துப் பேர்ச்சுத் தோட்டம் ஊரின் பசியைத் தீர்க்குமா என்று கேட்பார் உளர். தீர்க்காது. முப்பது பாத்தியின் கீரையும் கத்தரியும் நாற்பது குடும்பங்களின் கறிச்சட்டியில் வாரமொரு முறையோ இருமுறையோ சேரும், அவ்வளவே. அரிசியை அது தராது. அதற்குத் தம்பலகாமத்து வயல்கள் உள. ஆயினும் 2022ஆம் ஆண்டின் துன்பத்திற்குத் திரும்புங்கள். அப்போது நமக்குக் குறைந்தது காய் மட்டுமா? அயலவன் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று அறியும் வழியும் குறைந்திருந்தது. கிணற்றடியில் வாரந்தோறும் கூடும் நாற்பத்திரண்டு பேர் அதனை அறிந்திருப்பர். யாருடைய மகனுக்கு வேலை போயிற்று, எந்தத் தாய் இருவாரமாக வரவில்லை என்பன அவர்களுக்குத் தெரிந்திருக்கும். விதையும் ஆளும் பழக்கமும் ஆயத்தமாயிருந்தால், மறுமுறை பஞ்சம் வரும்போது பத்துப் பேர்ச்சை ஐம்பதாக்குதல் எளிது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்குதலே கடினம்.

ஆதலின், ஆலயங்களின் பொறுப்பிலுள்ள பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். வருகின்ற புரட்டாசிக்கு முன் உங்கள் வளவை ஒருமுறை நடந்து பாருங்கள். கிணற்று நீரைச் சுவைத்துப் பாருங்கள். கூரையின் பரப்பை அளந்து பாருங்கள். பின்னர், உங்கள் சபையைச் சேராத அயலவர் ஐவரின் வீடுகளுக்குச் சென்று, தோட்டம் தொடங்குமுன்னரே அவர்களின் யோசனையைக் கேளுங்கள். நிலம் எங்களது, உழைப்பு உங்களது என்று கூறாதீர்கள். திட்டமும் நமது என்று கூறுங்கள். அயலவராகிய ஏனையோர்க்கும் ஒன்று சொல்வேன். அழைப்பு வந்தால் ஐயுற்று ஒதுங்காதீர்கள். வாரத்தில் ஒருநாள், பத்துப் பூவாளி நீர். அதற்கு எந்த மதமும் தடைசொல்வதில்லை.

முதல்நாளில் வரும் நூறு பேரை வரவேற்போம். ஆனால், தோட்டம் உருவாகிவிட்டது என்று நாம் சொல்லத்தக்க நாள் ஆவணி மாதத்திலேயே வரும். கச்சான் வீசி, வீதியெல்லாம் புழுதி பறந்து, கிணறு தாழ்ந்திருக்கும் அந்நாட்களில், மாலைமணி ஒலிக்கும் வேளையில், அறுவர் வாளியோடு வந்து நின்றால், அது பொதுத்தோட்டம். அந்த அறுவரும் ஒரே ஆலயத்துக்குச் செல்பவரல்லர் என்றால், நம் நகருக்கு அது நற்காலம்.